ஐந்து கிலோ நாயோடு பாலைவனத்தில் இரண்டு இரவு: ஆன்ஸா-பொரேகோ முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவின் ஆன்ஸா-பொரேகோ பாலைவனப் பூங்காவுக்கு நாயோடு முதல் தடவை போனபோது நான் செய்த தப்பு, நடைபாதை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு திட்டம் போட்டதுதான். மூன்று நாளுக்கு ஐந்து பாதைகள் குறித்து வைத்திருந்தேன். முதல் பாதையின் வாசலிலேயே ஒரு பலகை: நாய்களுக்கு அனுமதி இல்லை. அடுத்ததிலும் அதே பலகை. மடியில் உட்கார்ந்திருந்த மிளகு (சிவாவா கலப்பு, ஐந்து கிலோ, பெயருக்கேற்ற காரம்) என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்காவின் விதிகளைப் படிக்காமல் கிளம்பியது முழுக்க என் தவறு.

அதற்கப்புறம் பல குளிர்காலங்கள் போய் வந்தாயிற்று. இப்போது யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: மலையேறிப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். ஒரு இடத்தில் கூடாரம் போட்டு, காலையும் மாலையும் மண்சாலையில் மெதுவாக நடந்து, மிச்ச நேரம் நிழலில் சும்மா உட்கார முடியுமென்றால், கலிபோர்னியாவில் நாயோடு தங்க இதைவிட நல்ல பாலைவனம் கிடைப்பது கஷ்டம்.

ஆன்ஸா-பொரேகோ பாலைவன மாநிலப் பூங்கா சான் டியேகோவிலிருந்து கிழக்கே சுமார் இரண்டு மணி நேரப் பயணம். பரப்பு 6 லட்சம் ஏக்கருக்கும் அதிகம். கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் இதுதான் பெரியது. 1770களில் இந்த வழியாகப் போன ஸ்பானியப் படைத்தலைவர் ஹுவான் பவுதிஸ்தா தெ ஆன்ஸாவின் பெயர் பாதி. மீதிப் பாதியான பொரேகோ, ஸ்பானிய மொழியில் செம்மறியைக் குறிக்கும் சொல். இங்குள்ள பெருங்கொம்புக் காட்டு ஆடுகளால் வந்த பெயர். நாய்க்கு இத்தனை கட்டுப்பாடு இருப்பதற்கும் அந்த ஆடுகள் ஒரு முக்கியக் காரணம்.

விதிகளை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்

நடைபாதைகளிலும், 'வனாந்தரம்' என்று வரையறுத்த பகுதிகளிலும் நாய்க்கு அனுமதி கிடையாது. கயிற்றில் கட்டியிருந்தாலும் சரி, தோள்பையில் தூக்கிக்கொண்டு போனாலும் சரி, சின்ன நாய் என்று சலுகையை எதிர்பார்க்காதீர்கள். இந்த மலைகளின் காட்டு ஆடுகள் 1998 முதல் அமெரிக்க மத்திய அரசின் அருகிவரும் உயிரினங்கள் பட்டியலில் இருக்கின்றன. நாயைக் கண்டாலோ மோப்பம் பிடித்தாலோ ஓநாய் வந்த மாதிரி மிரண்டு, தண்ணீர் இருக்கும் இடத்தையே விட்டு விலகிப் போய்விடும். நம்முடையது பூனை அளவுதான் இருக்கும் என்பது ஆட்டுக்குத் தெரியாது.

அனுமதி இருப்பது முகாம்களிலும் சாலைகளிலும். இந்தப் பூங்காவுக்குள் சுமார் 500 மைல் மண்சாலை ஓடுகிறது, அதுதான் உங்கள் நடைபாதை. கயிறு 6 அடிக்கு மேல் நீளக்கூடாது. இழுத்தால் நீளும் சுருள் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், முள்செடியைச் சுற்றிக்கொண்டால் பிரித்தெடுக்க முடியாது. இரவில் நாய் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோதான் இருக்க வேண்டும். தனியாக எங்கேயும் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

பக்கத்தில் இருக்கும் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் சாலை, முகாம், பிக்னிக் இடம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள் மட்டும் நாயை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பூங்காவும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஆன்ஸா-பொரேகோவில் மண்சாலையோரம் விரும்பிய இடத்தில் கட்டணமில்லாமல் கூடாரம் போடலாம். எனக்கு இதைப் பிடித்திருப்பதற்கு அதுதான் காரணம்.

தேதி

நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. கோடையில், பூங்கா சூழ நடுவில் இருக்கும் பொரேகோ ஸ்பிரிங்ஸ் ஊரில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த நேரத்தில் நாயோடு போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மூக்கு சப்பையான பக், ஃபிரெஞ்ச் புல்டாக், ஷிட்ஸு வகை நாய்கள் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கின்றன, அதையும் சரியாகச் செய்ய முடியாதவை. அவற்றோடு போவதென்றால் டிசம்பர், ஜனவரி மட்டும்.

மழை நன்றாகப் பெய்த வருடங்களில் பிப்ரவரி, மார்ச்சில் பூக்கள் விரியும். 2017, 2019 போன்ற வருடங்களில் ஊரே நெரிசலில் திணறியது. பூப் பார்க்கப் போவது வேறு, நாயோடு தங்கப் போவது வேறு. வார நாட்களில் போங்கள். கிழக்கு ஓரத்தில் ஒகோட்டியோ வெல்ஸ் பக்கம் மணல் வண்டி ஓட்டுபவர்களுக்கென்றே ஒதுக்கிய இடம் இருக்கிறது. சனி, ஞாயிறில் அந்தச் சத்தம் சின்ன நாய்க்கு ஆகாது.

இடம்

குழாய்த் தண்ணீர், குளியலறை, பக்கத்தில் ஆட்கள் என்று எல்லாம் வேண்டுமென்றால் பொரேகோ பாம் கேன்யன் முகாம். 6 மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும், சீசனில் சீக்கிரம் நிரம்பிவிடும். முதல் முறை போகிறவர்கள் இதையே எடுங்கள். நாய் கூடாரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஆளில்லாத இடத்துக்குப் போவது சரியில்லை.

இரண்டாவது பயணத்துக்கு என் தேர்வு பிளேர் பள்ளத்தாக்கு. ஜூலியன் என்ற மலையூரிலிருந்து 78ஆம் எண் சாலையில் இறங்கி, சிஸர்ஸ் கிராஸிங் என்ற சந்திப்பில் திரும்பி, எஸ்2 சாலையில் தெற்கே கொஞ்ச தூரம். உயரம் சுமார் 2,500 அடி. சாலை வறண்டிருந்தால் சாதாரணக் காரே போதும். காய்ந்த ஏரிப்படுகையைச் சுற்றி மண்சாலை வளைந்து போகிறது, அதையொட்டி ஏற்கெனவே பலர் தங்கிய வெற்றிடங்கள் இருக்கின்றன. தண்ணீர் கிடையாது. அங்கிருந்து கிளம்பும் பாறை ஓவியப் பாதை, அம்மிக்குழிப் பாதை, கோஸ்ட் மலைப் பாதை எதற்கும் நாயைக் கூட்டிப் போக முடியாது. இரண்டு பேர் போனால் மாறி மாறிப் போய்ப் பார்க்கலாம். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான குமேயாய் மக்கள் தானியமும் விதையும் இடித்த குழிகள் பாறையில் வழவழவென்று அப்படியே இருக்கின்றன. நம் ஊர் உரலைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

கல்ப் பள்ளத்தாக்கு இன்னும் உயரம், 3,400 அடி. வெயிலுக்கு நல்லது, ஆனால் காற்றும் குளிரும் கடுமை. சின்ன நாயோடு ஜனவரியில் அங்கே தங்கி, விடியும் வரை தூங்காமல் இருந்தேன்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்

வீட்டுக்குள்ளேயே கூடாரத்தை விரித்து இரண்டு ராத்திரி அதில் தூங்குங்கள். ஜிப் சத்தத்துக்கும் துணி அசைவதற்கும் மிளகு முதல் நாள் குரைத்துத் தள்ளினாள், மூன்றாம் நாள் தானாகவே உள்ளே போய்ச் சுருண்டுகொண்டாள். இந்தப் பழக்கத்தைப் பாலைவனத்தில் நடு இரவில் ஆரம்பிக்க முடியாது.

கால்நடை மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். தடுப்பூசிகள் நடப்பில் இருக்கின்றனவா, மைக்ரோசிப்பில் உங்கள் இப்போதைய எண் இருக்கிறதா, ராட்டில் பாம்புத் (வாலால் கிலுகிலுப்பை போல ஒலி எழுப்பும் விஷப்பாம்பு) தடுப்பூசி வேண்டுமா. இந்தக் கடைசியைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. போட்டிருந்தாலும் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும். எனவே அதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள்.

இரவும் பகலும் திறந்திருக்கும் அவசரக் கால்நடை மருத்துவமனை எது என்று பார்த்து முகவரியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சான் டியேகோ பக்கம் ஒன்று, வடக்கே கோச்செல்லா பள்ளத்தாக்கு பக்கம் ஒன்று. கூடாரத்திலிருந்து இரண்டுமே ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம். பூங்காவின் பெரும்பகுதியில் போனில் சிக்னல் இருக்காது, ஆகவே வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நாளையும் தங்கும் இடத்தையும் வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

என்ன எடுத்துப் போவது

தண்ணீர்க் கணக்கு முதலில். சாதாரண நாளில் நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 50-60 மில்லி தேவைப்படும். ஐந்து கிலோவுக்கு 300 மில்லி. பாலைவனத்தில் அது இரண்டு மூன்று மடங்காகும், அதனால் நாளொன்றுக்கு 1 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 4 லிட்டர். மூன்று நாளுக்கு 15 லிட்டர், பாத்திரம் கழுவ 3, வண்டி மணலில் புதைந்தால் காத்திருக்க இன்னும் 4. மொத்தம் 22 லிட்டர். ஒரே பெரிய கேனில் ஊற்றாதீர்கள், ஒழுகினால் எல்லாம் போச்சு. நான்கைந்து கேன்களாகப் பிரித்து வையுங்கள்.

அடுத்து, சீப்பு. ஆமாம், சீப்புதான். பல் நெருக்கமில்லாத, உறுதியான, நீளமான சீப்பு ஒன்று. கூடவே மூக்குநீண்ட குறடும் ட்வீசரும். இவை மூன்றும் எதற்கு என்று கீழே சொல்கிறேன். இவை பெட்டிக்குள் இருக்கக்கூடாது, உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

ஸ்வெட்டர் அவசியம். உடம்பு சின்னதாக இருந்தால் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும், பகலில் 22 டிகிரி இருக்கும் இடத்தில் ராத்திரி 3 டிகிரிக்கு இறங்கும். தரையின் குளிரைத் தடுக்க நாய்க்கும் தனியாக ஒரு நுரை விரிப்பு. கழுத்துப்பட்டையில் மாட்டும் சின்ன விளக்கு. தோளோடு மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸ், மேலே கைப்பிடி உள்ளதாக வாங்குங்கள். ஆபத்தென்றால் பெட்டியைத் தூக்குவது போல ஒரே கையால் தூக்கிவிடலாம். சின்ன நாய் வைத்திருப்பதன் பெரிய வசதி அதுதான்.

நாய்க்கான காலுறைகளை வீட்டில் போட்டுப் பழக்கினால் ஒருவேளை பயன்படும். மிளகு அவற்றைப் போட்டால் சேற்றில் நடக்கும் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். நான் விட்டுவிட்டேன்.

போய்ச் சேர்ந்ததும்

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். நாயை வண்டியிலிருந்து இறக்கும் முன் நீங்கள் மட்டும் இறங்கி, கூடாரம் போடப்போகும் இடத்தைச் சுற்றி ஒரு இருபது அடிக்கு மெதுவாக நடந்து பாருங்கள். உதிர்ந்த முள்துண்டு, பொந்து, கண்ணாடிச் சில்லு, யாரோ விட்டுப்போன கோழி எலும்பு. நின்றபடி பார்த்தால் பாதி தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும். நமக்குப் பாலைவனம் என்றால் தொடுவானம். சின்ன நாய்க்கோ தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான் பாலைவனம். சூடு, முள், பாம்பு, புழுதி எல்லாம் அந்த ஒரு சாணுக்குள்தான் இருக்கின்றன.

காய்ந்த ஓடையில் கூடாரம் போடாதீர்கள். மெத்தென்ற மணல், காற்றுக்கு மறைவு என்று ஆசைகாட்டும். மலைமேல் எங்கேயோ பெய்யும் மழை இங்கே சுவர் மாதிரி இறங்கி வரும். 2004இல் வந்த திடீர் வெள்ளம் பொரேகோ பாம் கேன்யனிலிருந்து பனைமரங்களையே அடித்துக்கொண்டு வந்து முகாமையும் சேதப்படுத்தியது.

சாலையிலிருந்து ஒரு வண்டி நீளத்துக்கு மேல் வண்டியை உள்ளே விடக்கூடாது. தீ மூட்டுவதென்றால் உலோகத் தொட்டியில் மட்டும். விறகு நீங்களே கொண்டுவர வேண்டும், சாம்பலையும் கொண்டுபோக வேண்டும். காற்று வலுத்தால் சாதாரண முளைகள் மணலில் நிற்காது. துணிப்பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டுங்கள்.

வண்டியின் கிழக்குப் பக்கம் கூடாரம் போட்டால் மாலை வெயிலுக்கு வண்டியே நிழல் தரும். நாயை வண்டிக்குள் விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். வெளியே 21 டிகிரி இருக்கும்போது மூடிய காருக்குள் அரை மணியில் 40 டிகிரியை நெருங்கிவிடும்.

நடை

விடிந்து ஒரு மணி நேரம், சூரியன் சாயும் ஒரு மணி நேரம். நடுப்பகலில் நடை வேண்டாம். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. தார்ச்சாலை மண்சாலையைவிட வேகமாகச் சுடும்.

சாலையின் நடுவிலேயே நடங்கள். செடியோரம் மோப்பம் பிடிக்கும் உரிமையைப் பாலைவனத்தில் ரத்து செய்துவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் காட்டுங்கள். குடிக்க மறுத்தால் உள்ளங்கையில் ஊற்றிக் காட்டுங்கள். நாக்கு வழக்கத்தைவிட நீளமாகத் தொங்கினால் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

மூன்று கிலோவுக்கும் குறைவான நாய் என்றால் உணவை நான்கைந்து சின்னப் பங்குகளாகக் கொடுங்கள். குளிரிலும் களைப்பிலும் அவற்றுக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். தள்ளாடினால் ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

முள் ஏறினால்

இங்கே சோய்யா என்று ஒரு கள்ளி இருக்கிறது. பெயரைக் கேட்டால் சோயா பீன்ஸ் ஞாபகம் வரும், தூரத்தில் பார்த்தால் கரடி பொம்மை மாதிரி மெத்தென்று இருக்கும். உரசினாலே துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் 'பாயும் கள்ளி' என்று பெயர். முள் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் பின்னோக்கி இருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம்.

மிளகுக்கு முன்னங்காலில் ஒட்டியது. நான் பதறிக் கையால் பிடுங்கப் போனேன், துண்டு என் கைக்கு வந்துவிட்டது. அவள் வாயால் பிடுங்கப் போனாள், ஒரு முள் உதட்டில் ஏறியது. இருவரும் சாலை நடுவே உட்கார்ந்து அழாத குறை. சரியான முறை இதுதான்.

முதலில் நாயின் வாய் அந்த இடத்துக்குப் போகாமல் தலையைப் பிடியுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவருக்கு இது மட்டுமே வேலை. சீப்பின் பற்களைக் கள்ளித் துண்டுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து, ஒரே சுண்டில் வெளிப்பக்கமாகத் தெறிக்க விடுங்கள், உங்கள் முகத்துக்கு எதிர்த்திசையில். மெதுவாகச் செய்தால் வலி அதிகம். பிறகு தனித்தனி முள்களைக் குறடால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரல் இடுக்கு, பாதத்தின் அடி, உதடு, நாக்கு எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். வாய்க்குள்ளோ கண்ணிலோ ஏறியிருந்தால் நீங்கள் கைவைக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஊர்ப் பக்கத்தில் வேறொரு ஆபத்து நமக்குத் தெரிந்த முகத்தோடு நிற்கும்: அரளி. தெற்குக் கலிபோர்னியாவில் வேலிக்கும் சாலையோரத்துக்கும் அதைத்தான் வரிசையாக நட்டிருக்கிறார்கள். இலையைக் கடித்தாலே நாய்க்கு ஆபத்து. பெட்ரோல் போட நிறுத்தும் இடத்தில் கவனம்.

பாம்பு

ராட்டில் பாம்புகள் மார்ச் முதல் அக்டோபர் வரைதான் அதிகம் நடமாடும், ஆனாலும் வெயில் இதமான குளிர்கால நாளிலும் வெளியே வரும். கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டால் அப்படியே நில்லுங்கள், நாயைக் கைப்பிடியில் தூக்குங்கள், பாம்பு எங்கே என்று பார்த்துவிட்டுப் பின்வாங்குங்கள். எச்சரிக்காமலே கடிப்பதும் உண்டு.

கடித்துவிட்டால் நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். நம் பெட்டியில் இருக்கும் ஐபுபுரோஃபெனோ பாராசிட்டமாலோ கொடுக்கவே கூடாது, அவை நாய்க்கு விஷம். பெரிய நாய்க்கு ஏறும் அதே அளவு விஷம் ஐந்து கிலோ உடம்பில் ஏறுகிறது என்பதை நினைத்து ஓட்டுங்கள். விஷமுறிவு மருந்து எல்லா இடத்திலும் இருக்காது. சிக்னல் வந்ததும் போன் செய்து, இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வெப்பத் தாக்கு

நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 40ஐத் தாண்டினால் ஆபத்து. நிற்காமல் இரைப்பது, பசைபோல எச்சில், அடர்சிவப்பு ஈறு, தள்ளாட்டம் தெரிந்தால் முதலில் குளிர்வியுங்கள், பிறகு கிளம்புங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் சூடு உள்ளேயே தங்கும். 39.5க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். தேறிவிட்ட மாதிரி தெரிந்தாலும் போக வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு பல மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரும்.

இரவு

இருட்டும் முன்பே நாய்க்குச் சாப்பாடு போட்டு, ஒண்ணுக்குக் கூட்டிப் போய் வந்துவிடுங்கள். கயோட்டிகள் (ஓநாயைவிடச் சிறிய, நரி மாதிரியான காட்டு விலங்கு) அந்தி நேரத்தில் சுற்றும். ஐந்து கிலோ நாய் அவற்றுக்கு முயல் கணக்குதான். கொம்பு ஆந்தையும் உண்டு. நடு ராத்திரியில் போக வேண்டியிருந்தால் கயிற்றோடும் டார்ச்சோடும் கூடவே போங்கள், ஷூவைப் போடும் முன் தட்டிக்கொள்ளுங்கள். உணவுக் கிண்ணம், குப்பை எல்லாம் வண்டிக்குள்.

கயோட்டிக் கூட்டம் ஊளையிட ஆரம்பித்தால் பத்துப் பதினைந்து இருக்கும்போலத் தோன்றும். பெரும்பாலும் மூன்று நான்குதான். மிளகு முதல் இரவு என் தூக்கப்பைக்குள் கடைசிவரை இறங்கிக் காலடியில் போய் ஒளிந்துகொண்டாள். இப்போதெல்லாம் ஒரு காதை மட்டும் தூக்குவாள்.

பொரேகோ ஸ்பிரிங்ஸ் 2009இல் கலிபோர்னியாவின் முதல் 'இருள்வான ஊர்' என்று அங்கீகாரம் பெற்றது. அமாவாசையை ஒட்டிப் போனால் நாயை மடியில் ஸ்வெட்டரோடு சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அண்ணாந்து உட்காரலாம். எனக்கு மலையேற முடியாத ஏக்கம் தீர்ந்தது அப்படித்தான்.

திரும்பும்போதும் பிறகும்

மலத்தை இரட்டைப் பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள், வறண்ட மண்ணில் அது மட்காமல் கிடக்கும். வண்டியை நகர்த்தும் முன் நாய் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், நிழல் தேடி வண்டிக்கடியில் போய்ப் படுத்திருக்கும்.

வீட்டில் இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டி, விரல் இடுக்குகளை மறுபடி தடவிப் பாருங்கள். அடுத்த மூன்று நான்கு வாரம் இருமல், காய்ச்சல், சோர்வு, நொண்டல் வருகிறதா என்று கவனியுங்கள். தென்மேற்குப் பாலைவன மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் 'வேலி ஃபீவர்' (Valley fever, பள்ளத்தாக்குக் காய்ச்சல்) என்ற நோய் வருகிறது. மண்ணைத் தோண்டி மூக்கை நுழைக்கும் நாய்களுக்கு வாய்ப்பு அதிகம். நாயிடமிருந்து மூச்சுக்காற்று வழியே மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பாலைவனம் போய் வந்ததை நீங்களாகச் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்த ரத்தப் பரிசோதனை செய்யத் தோன்றும்.